பெரியவனை யார் பார்த்துக்கொள்வது?

கேள்வி: வெளிநாட்டில் கணவர், 3 வயது மகனுடன் வசிக்கிறேன். அடுத்த மாதம் இரண்டாவது பிரசவம். அம்மாவால் வர முடியாது. மகனை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது. என்ன செய்வது?

பதில்: உங்கள் பயம் எனக்குப் புதிதல்ல, சகோதரி. என் இளையவளும் அயல்நாட்டில்தான் பிறந்தாள். மூத்தவனுக்கு அப்போது மூன்றரை வயது. வலி நள்ளிரவிலும் வரலாம். அந்த நேரத்தில் மகனுடன் இருக்கப்போவது யார் என்பதை இன்றே முடிவு செய்யுங்கள். ஒருவர் போதாது, இருவரிடம் கேட்டு வையுங்கள். நான் கேட்கக் கூச்சப்பட்டேன். கடைசியில் என் கணவர் பிரசவ அறைக்கு வெளியே, தூங்கும் மகனைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்க வேண்டியதாயிற்று. அவனைப் பார்த்துக்கொள்ள ஒப்புக்கொண்டவர் வீட்டில் உங்கள் மகன் ஓர் இரவாவது முன்கூட்டியே தூங்கிப் பழகட்டும்.

பிறந்த குழந்தை நாளொன்றுக்கு 8 முதல் 12 முறை பால் குடிக்கும். மூத்த பிள்ளை ஏங்கிப்போவது அந்த நேரங்களில்தான். பால் கொடுக்கும்போது மட்டும் திறக்கும் ஒரு பெட்டியில் நான்கைந்து படப்புத்தகங்கள் வைத்திருந்தேன். ஒரு கையால் பக்கம் புரட்டுவேன். அவன் என் மேல் சாய்ந்துகொள்வான். பழக்கம் விட்ட பிள்ளை மறுபடி படுக்கையை நனைக்கலாம், மழலை பேசலாம். தயவுசெய்து திட்டாதீர்கள். பாப்பா தூங்கியதும் வேலைக்கு ஓடாமல், கால் மணி நேரம் அவனோடு தரையில் உட்காருங்கள்.

பிறப்புப் பதிவு, பாஸ்போர்ட் எல்லாம் கணவர் பொறுப்பு. பாட்டிக்கு வீடியோ அழைப்பில் பாப்பாவைக் காட்டும் உரிமை மட்டும் மகனுக்கே இருக்கட்டும்.