மியூனிக்கில் படிக்கப் போகிறேன். இங்கிருந்தே அறை பிடிக்க முடியுமா?

"அக்டோபரில் மியூனிக்கில் முதுகலை சேர்கிறேன். ஊரிலிருந்தே அறை பிடித்துவிட முடியுமா, அங்கே போய்த் தேடினால் போதுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

இன்றே தேடத் தொடங்குங்கள். அக்டோபர் என்றால் ஊர் முழுக்கப் புது மாணவர்கள் அறைக்கு அலையும் நேரம். நான் 2019இல் ஆய்வு மாணவனாக இங்கே வந்தேன். இதுவரை நான்கு அறை மாறியிருக்கிறேன். முதல் அறையில் நான் பட்ட பாட்டை நீங்கள் படக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

அறை நன்றாகவே இருந்தது, வாடகையும் குறைவு. "பதிவு மட்டும் செய்து தர முடியாது" என்றார் கொடுத்தவர். அதன் பொருள் அப்போது எனக்குத் தெரியாது. ஜெர்மனியில் குடிபுகுந்த இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். இதற்கு ஆன்மெல்டுங் என்று பெயர். 'இவர் இங்கே குடிவந்திருக்கிறார்' என்று வீடு கொடுத்தவர் கையெழுத்திட்ட தாள் இல்லாமல் பதிய முடியாது. 2015 நவம்பரிலிருந்து இதுதான் சட்டம். எனக்குத் தாள் கிடைக்கவில்லை, அதனால் பதிவு நடக்கவில்லை. பதிவு இல்லாமல் வரி எண் வராது. வரி எண் இல்லாததால் சம்பளத்தில் கூடுதலாக வரி பிடித்தார்கள். அந்தப் பணம் பிறகு திரும்பி வந்தது, ஆனால் அந்த ஆறு வாரம் கையில் காசில்லாமல் தவித்தேன். வதிவிட அனுமதிக்கும் இதே முகவரிப் பதிவுதான் வேண்டும். ஆகவே, வாடகை எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால் பதிவு செய்து தருவார்களா என்று கேளுங்கள். இல்லை என்றால், எவ்வளவு மலிவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

பணக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். விசாவுக்காக முடக்கக் கணக்கில், அதாவது போட்ட பணத்தை மொத்தமாக எடுக்க முடியாத வங்கிக் கணக்கில், 11,904 யூரோ போடச் சொல்வார்கள்; மாதம் 992 யூரோதான் எடுக்கலாம். மியூனிக்கில் பகிர்ந்து வாழும் வீட்டில் ஓர் அறையே 800 யூரோவை ஒட்டி வருகிறது. மாணவர் மருத்துவக் காப்பீடு 140 யூரோவுக்கு மேல். அதற்குப் பிறகு சாப்பாட்டுக்கு எங்கே போவது? அதனால்தான் அனுமதிக் கடிதம் வந்த அன்றே மாணவர் விடுதிக்கு எழுதிப் போடச் சொல்கிறேன். 1972 ஒலிம்பிக் கிராமத்தின் ஒரு பகுதிகூட இப்போது மாணவர் விடுதிதான். வாடகை வெளியே கேட்பதில் பாதியளவுதான் இருக்கும். காத்திருப்புதான் பல செமஸ்டர் நீளும். தேவாலயங்கள் நடத்தும் விடுதிகளுக்கும் எழுதுங்கள், நம் பிள்ளைகள் பலருக்கு அவை இருப்பதே தெரிவதில்லை. நீங்கள் ஆய்வாளராக வருகிறீர்கள் என்றால், விருந்தினர் அறை உண்டா என்று ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே உங்கள் ஆய்வுக் குழுவின் செயலரிடம் கேட்டுவிடுங்கள்.

பகிர்ந்து வாழும் வீட்டை வேகே என்பார்கள். அங்கே ஏற்கெனவே இருப்பவர்கள்தான் புது ஆளைத் தேர்ந்தெடுப்பார்கள். நான் ஒரே கடிதத்தை அறுபது பேருக்கு அனுப்பினேன், ஒருவரும் பதில் போடவில்லை. என் ஆய்வகத்தில் இருந்த மதுரைக்கார அண்ணன் அதைப் படித்துவிட்டு, "தம்பி, இதுல உன் மார்க்கும் சம்பளமும்தான் இருக்கு, நீ எங்கடா இருக்கே?" என்றார். சமைப்பேன், காலையில் ஓடப் போவேன், ஜெர்மன் கற்றுக்கொண்டிருக்கிறேன் என்று ஒவ்வொருவருக்கும் அவர்களுடைய விளம்பரத்தைப் படித்துப் பார்த்து எழுதினேன். மூன்று வீட்டில் கூப்பிட்டார்கள். கடைசி வீட்டில் அடுக்களை மேசையைச் சுற்றி உட்கார்ந்தோம். குளிர்சாதனப் பெட்டியில் யார் எந்த வாரம் கழிப்பறை கழுவ வேண்டும் என்ற அட்டவணை ஒட்டியிருந்தது. நான் அதைப் படிப்பதைப் பார்த்து, "இது உனக்குச் சரிவருமா?" என்று ஒரு பெண் கேட்டாள். ஊரில் அம்மாவுக்கு உதவியாகக் கழிப்பறை கழுவிப் பழக்கம் என்றேன். அன்று இரவே செய்தி வந்தது.

ஏமாற்றுக்காரர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். நடு ஊரில் பெரிய வீடு, வாடகை 400 யூரோ, உரிமையாளர் லண்டனில் இருக்கிறார், பணம் போட்டால் சாவி கூரியரில் வரும் என்று எனக்கே இரண்டு மின்னஞ்சல் வந்தன. கடவுச்சீட்டு நகலைக் காட்டுவார்கள், அதுவும் இன்னொருவரிடம் திருடியதாக இருக்கும். வீட்டை நீங்களோ உங்களுக்காக இங்கிருக்கும் ஒரு மாணவரோ நேரில் பார்க்காமல் ஒரு யூரோகூட அனுப்பாதீர்கள். தமிழ் மாணவர் வாட்ஸப் குழுவில் கேட்டால் யாராவது போய்ப் பார்த்துச் சொல்வார்கள். நானும் பத்துப் பேருக்காவது போயிருப்பேன்.

அட்வான்ஸ் பற்றிப் பயப்பட வேண்டாம். ஹீட்டிங், தண்ணீர் எல்லாம் சேர்க்காத அடிப்படை வாடகையில் மூன்று மாதத்துக்கு மேல் வாங்கச் சட்டம் இடம் தராது. அதையும் மூன்று தவணையாகக் கட்டலாம். சாவி வாங்கும்போது சுவர், தரை, ஜன்னல் எல்லாவற்றையும் படம் எடுத்து வையுங்கள். காலி செய்யும்போது ஒரு கீறலுக்கும் கணக்குக் கேட்பார்கள்.

அப்புறம், தபால் பெட்டியில் உங்கள் பெயர் இல்லை என்றால் தபால்காரர் கடிதத்தைப் போடமாட்டார். வரி எண், வங்கி அட்டை, காப்பீட்டு அட்டை எல்லாம் தபாலில்தான் வரும். போனதும் பயணப் பெட்டியைத் திறப்பதற்கு முன்னால் ஒரு துண்டுத் தாளில் பெயரை எழுதித் தபால் பெட்டியில் ஒட்டிவிடுங்கள்.