அடிக்குறிப்பைக் காதுக்கு எப்படிச் சொல்வது?

கேள்வி: நான் வரலாற்று விரிவுரையாளர். பாட்காஸ்ட் தொடங்க ஆசை. “இருபது நிமிடத்தில் சொன்னால் அது கதை, வரலாறு இல்லை” என்கிறார் எங்கள் துறைத்தலைவர். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

பதில்: தொடங்குங்கள். வரலாற்றாசிரியர் ஏ.ஜே.பி. டெய்லர் 1957இல் பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் கையில் ஒரு துண்டுத்தாள்கூட இல்லாமல் நின்றுகொண்டு ரஷ்யப் புரட்சியைப் பற்றிப் பேசினார். அதனால் அவருடைய ஆய்வு மெலிந்துவிடவில்லை.

ஆனால் உங்கள் துறைத்தலைவரின் பயத்தில் நியாயம் இருக்கிறது. பல வருடங்களுக்கு முன் ஒரு வானொலி நேர்காணலில், 1498இல் கிழக்கு ஆப்பிரிக்கத் துறைமுகமான மாலிந்தியிலிருந்து கோழிக்கோட்டுக்கு வாஸ்கோ ட காமாவை அழைத்துவந்த மாலுமி யார் என்று என்னிடம் கேட்டார்கள். “அரபு மாலுமி இப்னு மாஜித் என்று பலர் எழுதியிருக்கிறார்கள். ஆனால் அது சந்தேகத்துக்குரியது” என்றேன். ஒலிபரப்பில் முதல் வாக்கியம் மட்டும்தான் வந்தது. நான் மறுத்த செய்தியே என் குரலில் ஊருக்கெல்லாம் போய்ச் சேர்ந்தது. அன்று இரவு எனக்குத் தூக்கமில்லை.

அப்புறம் நானே பாட்காஸ்ட் தொடங்கியபோது, அந்தச் சந்தேகத்தையே முழு நிகழ்ச்சியாக்கினேன். காமாவின் கப்பலில் இருந்த ஒருவர் எழுதிய பயணக் குறிப்பில் மாலுமியின் பெயரே இல்லை. கிறிஸ்தவர் என்று மட்டும் இருக்கிறது. பிற்காலப் போர்த்துக்கீசிய வரலாற்றாசிரியர்கள் அவரைக் குஜராத்தி முஸ்லிம் என்கிறார்கள். இப்னு மாஜித் பெயரைச் சொல்பவர் 16ஆம் நூற்றாண்டில் மக்காவில் வாழ்ந்த ஓர் அறிஞர். அவர் அந்தக் கப்பலில் இருந்தவர் அல்ல. இதை ஒவ்வொரு சாட்சியாகக் கூண்டில் ஏற்றுவதுபோலச் சொன்னேன். நேயர்களுக்குச் சலிக்கவே இல்லை. “அந்தப் பயணக் குறிப்பை எழுதியவரை மட்டும் எப்படி நம்புவது?” என்று ஒரு பள்ளி மாணவி கேட்டு அனுப்பினாள். முதுகலை வகுப்பில்கூட எனக்கு அபூர்வமாகக் கிடைத்த கேள்வி அது.

புத்தகத்தில் அடிக்குறிப்பு பக்கத்தின் அடியில் கிடக்கும். காதால் கேட்பவருக்கு அந்த வசதி இல்லை. அதனால் ‘இது நமக்கு எப்படித் தெரியும்’ என்பதைக் கதைக்குள்ளேயே வைத்துப் பேசுங்கள். எடிட் செய்யும்போது ‘இருக்கலாம்’ என்ற சொல்லை மட்டும் யாரையும் தொடவிடாதீர்கள்.

கேள்வி: விருந்தினராக வரும் பேராசிரியர்கள் கட்டுரை வாசிப்பதுபோலப் பேசுகிறார்கள். என்ன செய்வது?

பதில்: தாளைப் பணிவாக வாங்கி வைத்துவிடுங்கள். அந்த ஆவணத்தை முதன்முதலில் எங்கே, எந்த நிலையில் பார்த்தீர்கள் என்று கேளுங்கள். என் நிகழ்ச்சியில் ஒரு கல்வெட்டு அறிஞர் பத்து நிமிடம் தேதிகளாக அடுக்கிக்கொண்டிருந்தார். கல்லெழுத்தைத் தாளில் பதித்து மைப்படி எடுத்த நாளைப் பற்றிக் கேட்டேன். ஈரத்தாளைக் கல்லில் ஒட்டித் தூரிகையால் தட்டத் தட்ட, அதுவரை யாரும் படிக்காத ஒரு பெண்ணின் பெயர் மெல்ல எழுந்து வந்ததைச் சொன்னார். சொல்லும்போது அவர் குரல் தழுதழுத்தது. அந்த நிகழ்ச்சியில் நான் எதையுமே வெட்டவில்லை.