சந்தேகத்தோடு ஞாயிறு பள்ளி நடத்தலாமா?

கேள்வி: ஐயா, எனக்கு 41 வயது. சபையில் பதினோரு வருடமாக ஞாயிறு பள்ளி நடத்துகிறேன். போன வருடக் கடைசியில் என் தம்பி மோட்டார் சைக்கிள் விபத்தில் சிக்கி 19 நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தான். சபையே உபவாசம் இருந்து ஜெபித்தது. போய்விட்டான். ‘தேவசித்தம்’ என்கிறார்கள், எனக்கு அப்படிச் சொல்ல வரவில்லை. ஜெபிக்கக் கண்ணை மூடினால் எதிரில் யாருமே இல்லாத மாதிரி இருக்கிறது. போன வாரம் ஒன்பது வயதுப் பையன், “டீச்சர், நாம எல்லாரும் ஜெபம் பண்ணோமே, அப்புறம் ஏன் மாமா செத்துட்டாரு?” என்று கேட்டான். அடுத்த வாரம் சொல்கிறேன் என்று சமாளித்தேன். இந்த மனசோடு பிள்ளைகள் முன்னால் நிற்பது மாய்மாலம் இல்லையா? வகுப்பை வேறு யாரிடமாவது ஒப்படைத்துவிடட்டுமா?
பெயர் வேண்டாம், சுங்கை சிப்புட், மலேசியா

பதில்: ஒப்படைக்காதீர்கள், தங்கச்சி. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எதிரில் யாரும் இல்லாத அந்த ஜெபம் எனக்கும் தெரியும். 1989-ல் எங்கள் மூத்த மகள் ஆறு வயதில் காய்ச்சலில் போனாள். அடக்கம் முடிந்த அடுத்த ஞாயிறு தோட்டத்து ஜெபவீட்டைத் திறக்கும் முறை என்னுடையது. போய்த் திறந்தேன். பெருக்கினேன், ஜன்னல்களைத் தள்ளிவிட்டேன், பாய் விரித்தேன். ஆட்கள் வந்ததும் கடைசியில் போய் உட்கார்ந்துகொண்டேன். வாய் திறந்து ஜெபிக்க ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. மகளை ஏன் எடுத்துக்கொண்டார் என்பதற்கு இன்றுவரை எனக்குப் பதில் இல்லை. ஆனால் அந்தச் சாவியை நான் யாரிடமும் கொடுக்கவில்லை.

இல்லாத விசுவாசத்தை இருப்பதாகக் காட்டினால்தான் மாய்மாலம். நீங்கள் எதையும் காட்டவில்லையே. மத்தேயு 28-ல் உயிர்த்தெழுந்த இயேசுவைக் கலிலேயா மலையில் பதினொரு சீடர்களும் பார்க்கிறார்கள், பணிந்துகொள்கிறார்கள். “சிலரோ சந்தேகப்பட்டார்கள்” என்று அதே வசனத்தில் இருக்கிறது. நேரில் பார்த்துக்கொண்டிருக்கும்போதே! ஆண்டவர் அவர்களைத் தனியாக நிறுத்திவைத்தாரா? இல்லை. போய் உபதேசம் பண்ணுங்கள் என்று எல்லோருக்கும் சேர்த்துத்தான் சொன்னார்.

எரேமியா 32-ஆம் அதிகாரத்தையும் நிதானமாகப் படியுங்கள். எருசலேமைப் பாபிலோன் படை முற்றுகை போட்டிருக்கிறது. ஊர் பறிபோகும் என்று சொன்ன தீர்க்கதரிசி எரேமியாவைக் காவலில் வைத்திருக்கிறார்கள். அந்த நேரம் பார்த்து, ஆனதோத்தில் ஒரு நிலத்தை வாங்கு என்கிறார் ஆண்டவர். 17 சேக்கல் வெள்ளியை நிறுத்துக் கொடுத்து, சாட்சி வைத்து, பத்திரத்தை மண்பாண்டத்தில் போட்டுவைக்கச் சொல்கிறார் எரேமியா. அதற்கப்புறம்தான் ஜெபம். நகரம் எதிரி கையில் போகிறதே, நிலத்தை வாங்கு என்கிறீரே என்று அந்த ஜெபத்தில் கேட்டேவிடுகிறார். பணம் கைமாறிய பிறகும் கேள்வி அப்படியே இருந்தது.

எனக்கு இங்கே அப்பாவின் மைலோ டின் ஞாபகம் வந்துவிடும். வெள்ளைக்காரர்கள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றுக்கொண்டிருந்த காலம். 1960-ல் உங்கள் ஊர்க்காரர், மலாயா இந்தியர்களின் அரசியல் தலைவராக இருந்த வீ. தி. சம்பந்தன் கூட்டுறவுச் சங்கம் தொடங்கி, தொழிலாளிகளே தோட்டம் வாங்கலாம் என்றார். அப்பா பால்மரம், அதாவது ரப்பர் மரம், வெட்டியவர். மாதம் பத்து வெள்ளி, அதாவது பத்து மலாயா டாலர், கட்டினார். ‘பால் வெட்டுறவன் தோட்டம் வாங்கப் போறானாம்’ என்று லயத்து வீடுகளில் சிரித்தார்கள். ரசீதை நாலாக மடித்து டின்னில் போடுவார். மரப்பால் காய்ந்த விரல் பட்ட இடமெல்லாம் காகிதம் கறுத்திருக்கும். “இது நடக்குமா?” என்று அம்மா கேட்டால், “தெரியாது” என்பார். அடுத்த மாதமும் கட்டுவார். சங்கம் பின்னால் தோட்டங்களை வாங்கியது. கட்டின நாளில் அப்பாவுக்கு அது தெரியாது. உங்களுக்கும் எல்லாம் நல்லபடியாக விளங்கிவிடும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். வகுப்புக்குப் போங்கள் என்று மட்டும் சொல்வேன்.

கொஞ்ச நாளைக்கு ஜெபத்தை இன்னொரு டீச்சர் நடத்தட்டும். நீங்கள் கதை சொல்லுங்கள், பாட்டு சொல்லிக்கொடுங்கள். வீட்டில் தனியாக இருக்கும்போது 88-ஆம் சங்கீதத்தைச் சத்தமாக வாசியுங்கள். அதில் கடைசி வரி வரைக்கும் ஆறுதலே வராது. அதையும் வேதத்தில் சேர்த்துத்தான் வைத்திருக்கிறார்கள். ‘தேவசித்தம்’ என்று சொல்ல வருகிறவர்களிடம் வாதாடாதீர்கள், தேநீர் கொடுத்து அனுப்புங்கள். அவர்களுக்கும் வேறு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

அந்தப் பையனுக்கு மட்டும் சமாதானம் சொல்லி அனுப்பிவிடாதீர்கள். “எனக்கும் தெரியலப்பா, நானும் இதையேதான் ஆண்டவர்கிட்ட கேட்டுக்கிட்டு இருக்கேன்” என்று அவன் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். அடுத்த வாரம் என்று சொல்லியிருக்கிறீர்கள். இந்த ஞாயிறு அவன் காத்திருப்பான்.