பறித்த பந்தும் பறிகொடுத்த வழியும்

கேள்வி: ஹட்டனுக்கு அருகிலுள்ள கல்லூரியொன்றில் உடற்கல்வி கற்பிக்கிறேன். எமது கூடைப்பந்தாட்ட அணியின் பொயின்ட் கார்ட் (பந்தை முன்கொண்டுபோய் ஆட்டத்தை அமைப்பவன்) உயர்தரம் முதலாம் ஆண்டு மாணவன்; உயரம் 5 அடி 6 அங்குலம். வலயமட்டப் போட்டிகளில் ஓர் ஆட்டத்துக்கு நான்கைந்து தடவையாவது எதிரணியிடமிருந்து பந்தைப் பறித்துவிடுவான். ஆனால் மாகாணமட்டப் போட்டிக்குக் கண்டிக்குச் சென்றபோது, எதிரணியின் பொயின்ட் கார்ட் இவனைத் தாண்டி இஷ்டம்போல உள்ளே நுழைந்துகொண்டிருந்தான். “பையன் குள்ளம், தடுப்பாட்டம் வராது” என்கிறார் சக ஆசிரியர். பறித்த கணக்கைப் பார்த்தால் எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவனுடைய தடுப்பாட்டத்தை எப்படி மதிப்பிடுவது? (பெயரும் கல்லூரியும் வேண்டாம்.)

பதில்: அன்புள்ள ஆசிரியருக்கு,

உயரத்தைப் பற்றிய பேச்சை முதலில் முடித்துவிடுவோம். அமெரிக்காவின் தொழின்முறைக் கூடைப்பந்தாட்டத் தொடரான என்.பி.ஏ. போட்டிகளில் 5 அடி 3 அங்குல உயரமுள்ள மக்ஸி போக்ஸ் 14 பருவங்கள் பொயின்ட் கார்ட்டாக ஆடியிருக்கிறார். பந்து தரையில் தட்டுப்படும் உயரத்திலேயே தம் கைகளும் இருந்ததை அவர் குறையாகக் கொள்ளவில்லை, எதிரிகளுக்குத்தான் அது தொல்லையாக இருந்தது. வளையத்தருகே எழும்பி எறிபவனை மறிப்பதற்கு உயரம் வேண்டும் என்பது உண்மை. ஆனால் அது பொயின்ட் கார்ட்டின் முதல் வேலையன்று. உங்கள் சக ஆசிரியரின் முடிவு சரியாகவே இருக்கக்கூடும். அதற்கு அவர் சொல்லும் காரணம்தான் பிழை.

நீங்கள் நம்பியிருக்கும் கணக்கும் அவ்வளவு நம்பத்தக்கதன்று. ஓர் ஆட்டத்தில் அவன் பன்னிரண்டு முறை பந்துக்குக் கை நீட்டி, நான்கு முறை பறித்தான் என்று வைத்துக்கொள்வோம். அந்த நான்கும் புள்ளிப்பதிவில் ஏறிவிடும், பார்வையாளர்களும் கைதட்டிவிடுவார்கள். மற்ற எட்டு முறையும் அவன் உடல் முன்னே சாய்ந்திருக்க, எதிரி அவனைக் கடந்துபோயிருப்பான். பின்னால் நின்ற நால்வர் ஐந்து பேரைச் சமாளித்திருப்பார்கள். ஆட்டம் முடிந்த பின் “நடுவில் நின்றவன் தூங்கிவிட்டான்” என்று பழி உயரமான பையன் தலையில் விழும். நானும் ஒரு காலத்தில், பந்தே பறிக்காத அமைதியான பையன் ஒருவனை வாங்கில் இருத்திவிட்டு, பறிப்பதில் கெட்டிக்காரனை இறக்கி, ஒரே பருவத்தில் மூன்று ஆட்டங்களைத் தோற்றிருக்கிறேன். அமைதியானவன் நின்றவரையில் எதிரணிப் பந்து நடுவழியால் வந்ததேயில்லை என்பது அவன் வெளியே இருந்தபோதுதான் எனக்கு உறைத்தது.

வலயமட்டத்தில் பறித்தவன் கண்டியில் ஏன் பறிகொடுத்தான் என்பதற்கு இன்னுமொரு காரணத்தைச் சந்தேகிக்கிறேன். நம்முடைய பக்கத்தில் பெரும்பாலும் கூரையில்லாத சீமெந்துத் தரையில்தான் ஆட்டம். தென்மேல் பருவக்காற்று தொடங்கிவிட்டால், பையன்கள் சாக்கை இழுத்துத் தண்ணீரைத் துடைத்த பிறகே பந்தை எடுக்க வேண்டியிருக்கிறது. ஈரப் பந்து கையில் நில்லாது வழுக்கும், தட்டும்போது எதிர்பார்த்த உயரத்துக்கு எழும்பாது. அப்படி ஒருவன் கையைவிட்டு அரையடி விலகும் பந்தை எடுப்பதும் கணக்கில் ‘பறித்தல்’ என்றே ஏறுகிறது. காய்ந்த தரையில், பந்தை உடம்போடு அணைத்துத் தட்டத் தெரிந்த ஒருவனிடம் அதே கையை நீட்டினால் காற்றுத்தான் கிடைக்கும். ஆகவே வலயமட்டக் கணக்கையும் மாகாணமட்டக் கணக்கையும் ஒரே தராசில் வைக்க வேண்டாம்.

அப்படியானால் எதைப் பார்ப்பது? அடுத்த ஆட்டத்தில் பந்தைப் பார்க்காதீர்கள். அது கடினம், கண் தானாகவே பந்தின் பின்னால் ஓடும். ஆனாலும் முதல் கால்பகுதியின் பத்து நிமிடங்கள் முழுவதும் அவனுடைய இடுப்புக்குக் கீழே மட்டும் பாருங்கள். எதிரி பந்துடன் ஒரு கணம் தயங்கி, தோளை ஒரு பக்கம் அசைத்துக் காட்டும் நொடியில், இவனுடைய குதிக்கால்கள் தரையில் ஒட்டியிருக்கின்றனவா, முழங்கால் மடிந்திருக்கிறதா, முதலில் அசைவது காலா கையா என்று கவனியுங்கள். குதிக்கால் ஒட்டி, முழங்கால் நிமிர்ந்து, கை முந்துகிறது என்றால், எதிரியின் தோள் இவனுடைய இடுப்பைத் தாண்டுவதற்கு இரண்டு எட்டுப் போதும். தோட்டத்துப் பையன்களுக்குக் காலில் வலு இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. லயத்திலிருந்து வீதிக்கும் வீதியிலிருந்து லயத்துக்கும் தினமும் ஏறி இறங்கும் கால்கள் அவை. ஆனால் அந்த வலு முன்னோக்கிய வலு. பக்கவாட்டில் சறுக்கி நகர்வதைத் தனியாகப் பழக்கத்தான் வேண்டும், பழக்கினால் வரும்.

அடுத்து, எதிரியிடம் வழியைப் பறிகொடுத்த பிறகு என்ன செய்கிறான் என்று பாருங்கள். என்னைக் கேட்டால், இதற்குத்தான் அதிக மதிப்பெண் கொடுப்பேன். எதிரி கடந்துபோனதும் இரண்டு எட்டு ஓடி, இடுப்பில் கை வைத்து, மத்தியஸ்தரைத் திரும்பிப் பார்க்கிறவன் ஒரு வகை. தலையைத் தாழ்த்தி, வளையத்துக்கும் எதிரிக்கும் இடைப்பட்ட இடத்தை நோக்கிக் குறுக்கே ஓடுகிறவன் இன்னொரு வகை. பின்னவனுக்குக் கால்நகர்வைக் கற்பிக்க ஒரு பருவம் போதும். முன்னவனுக்கு எவ்வளவு காலம் பிடிக்கும் என்று என்னால் சொல்ல முடியாது.

மூன்றாவதாக ஒரு கொப்பி எடுத்துக்கொள்ளுங்கள். பந்தைப் பெற்ற அணி 8 விநாடிக்குள் மையக்கோட்டைக் கடக்க வேண்டும், 24 விநாடிக்குள் எறிய வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்த விதிதான். எதிரணி பொயின்ட் கார்ட் ஒவ்வொரு முறையும் எத்தனையாவது விநாடியில் மையக்கோட்டைத் தாண்டுகிறான், விரும்பிய நடுவழியால் வருகிறானா அல்லது ஓரக்கோட்டுப் பக்கம் தள்ளப்படுகிறானா என்ற இரண்டை மட்டும் குறியுங்கள். கடிகாரப் பலகை இல்லாவிட்டால் கைக்கடிகாரமே போதும். நான்காவது விநாடியில் நடுவழியால் வந்தால் அவர்களுக்கு ஆட்டத்தை அமைக்க 20 விநாடி மிஞ்சுகிறது. இரண்டு முறை முதுகைத் திருப்ப வைத்து, ஏழாவது விநாடியில் ஓரமாக அனுப்பினால், அவர்கள் அணிவகுத்து முடிப்பதற்குள் பாதி நேரம் போய்விடும். இந்த உழைப்பை எந்தப் புள்ளிப்பதிவும் காட்டாது. என்.பி.ஏ.யிலேயே சிறந்த தடுப்பாட்ட வீரர் விருது 1996 இல் கெரி பேட்டனுக்குக் கிடைத்த பிறகு, 2022 இல் மார்கஸ் ஸ்மார்ட் பெறும்வரை, 26 ஆண்டுகளாக வேறெந்த கார்ட்டுக்கும் (வளையத்திலிருந்து விலகி வெளிப்பக்கம் ஆடுபவருக்கும்) கிடைக்கவில்லை. வளையத்தருகே பந்தைத் தட்டிவிடும் நெடியவர்களின் வேலைதான் எல்லோருடைய கண்ணிலும் படுகிறது.

‘ஸ்க்ரீன்’ (தடுப்பவனின் வழியில் எதிரணியாள் ஒருவன் அசையாமல் நின்று மறிப்பது) விடயத்தில் மட்டும் அவசரப்பட்டுத் தீர்ப்பளிக்காதீர்கள். எதிரணியின் பெரிய பையன் ஒருவன் தூண்போல வந்து நிற்க, உங்கள் மாணவன் அவன்மீது மோதி நின்றுவிட்டால், பிழை பாதிதான் அவனுடையது. பின்னாலிருந்து “வலது பக்கம் ஆள்” என்று கத்தியிருக்க வேண்டியவன் வாயைத் திறந்தானா என்பதையும் பாருங்கள். தூணுக்கு முன்னால் நெருக்கிப் போவதா பின்னால் சுற்றிப் போவதா என்று நீங்கள் முன்கூட்டியே சொல்லிக்கொடுத்திருக்காவிட்டால், மீதிப் பாதி உங்களுடையது. தூரத்திலிருந்து எறியத் தெரியாத எதிரிக்கு எதிராகப் பின்னால் சுற்றுவது புத்திசாலித்தனம். எறியத் தெரிந்தவனிடம் அதையே செய்தால் ஒவ்வொரு முறையும் மூன்று புள்ளி போகும்.

அவன் செய்யும் விதிமீறல் தவறுகளையும் (‘ஃபவுல்’) எண்ணுங்கள். வளையத்திலிருந்து வெகுதொலைவில், மையக்கோட்டருகே கைநீட்டிப் பெறும் தவறு வீண் செலவு. ஐந்தாவதுடன் அவன் வெளியேற வேண்டும், ஒரு கால்பகுதியில் அணியின் ஐந்தாவது தவறிலிருந்து எதிரணிக்கு இரண்டு தண்டனை எறிதல்கள் வேறு.

கண்டியில் நடந்ததை நான் நேரில் பார்க்கவில்லை. ஆயினும் உங்கள் கடிதத்தை வைத்துப் பார்த்தால், அவன் கையால் தடுக்கப் பழகிய பையன் என்றே தோன்றுகிறது. நாளை மாலைப் பயிற்சியில் அவனுடைய இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், சொந்த சட்டையின் ஓரத்தைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஓரக்கோட்டுக்கும் அதிலிருந்து ஐந்து எட்டுத் தொலைவில் சுண்ணாம்பால் போட்ட இன்னொரு கோட்டுக்கும் இடையில், அவனைவிட வேகமான ஒருவனைப் பந்துடன் பத்து முறை அனுப்புங்கள். பழைய மாணவர் யாராவது கிடைத்தால் இன்னும் நல்லது. நெஞ்சால் மறித்து எத்தனை முறை திருப்பி அனுப்புகிறான் என்று குறித்துக்கொண்டு, இரண்டு வாரம் கழித்து அதே ஆளை வைத்து மறுபடியும் எண்ணுங்கள். முதல் நாள் இரண்டோ மூன்றோ வந்தால் அவனைத் திட்ட வேண்டாம். இரண்டாவது எண்ணிக்கையைச் சக ஆசிரியரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு எண்ணுங்கள்.