டாங்கிள் ஒன்று, டிரைவர் மூன்று: கோத்தகிரியிலிருந்து கேள்வி பதில்

கோத்தகிரி பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலைக்கும் சில விடுதிகளுக்கும் யூஎஸ்பி டாங்கிளும் (சிம் போட்டுச் செருகும் மோடம்) லினக்ஸும் வைத்துத்தான் நெட் ஓட்டுகிறேன். வந்த கேள்விகளுக்கு என் பதில்கள்; கேட்டவரின் ஊர் முன்னால் இருக்கிறது.

குன்னூர்: அண்ணா, டாங்கிளைச் செருகினால் ஆப்ஷன், க்யூஎம்ஐ-டபிள்யூவான், சிடிசி-டபிள்யூடிஎம் என்று மூன்று டிரைவர் (கருவியை இயக்கும் நிரல்) ஏறுகிறது. மோதிக்கொள்ளாதா? ஒன்றாக்கிவிட முடியாதா?

மோதாது தம்பி. வெளியே ஒரு டாங்கிள், உள்ளே நாலைந்து இன்டர்ஃபேஸ், அதாவது தனித்தனி வேலைக்கான வாசல்கள். 'எல்எஸ்யூஎஸ்பி -டி' என்ற கட்டளை போட்டால் எதை யார் பிடித்திருக்கிறார்கள் என்று தெரியும். சீரியல் போர்ட்டுகள் ஆப்ஷனுக்கு, டேட்டா க்யூஎம்ஐ-டபிள்யூவானுக்கு.

ஒன்றாக்கும் வேலை ஏற்கெனவே நடந்துவிட்டது. பல க்வால்காம் மோடம்களில் கட்டளையும் டேட்டாவும் ஒரே இன்டர்ஃபேஸில் வரும். லினக்ஸிலோ ஓர் இன்டர்ஃபேஸுக்கு ஒரு டிரைவர்தான். அதனால் கட்டளைக்கான சிடிசி-டபிள்யூடிஎம்மை, டேட்டாவைப் பார்க்கும் டிரைவர் உள்ளிருந்தே கூப்பிடும்படி மாற்றினார்கள். பாக்கெட்டுகளை அனுப்பி வாங்க யூஎஸ்பிநெட் என்ற பொதுச் சட்டகம் முன்பே இருந்தது. இரண்டையும் சேர்த்துக் கட்டியதுதான் 2012-ல் லினக்ஸின் மையமான கெர்னல் 3.4-உடன் வந்த க்யூஎம்ஐ-டபிள்யூவான். எம்பிஐஎம் என்ற இன்னொரு முறையில் பேசும் மோடம்களுக்கான டிரைவரும், ஹுவாவேயின் என்சிஎம் முறை மோடம்களுக்கான டிரைவரும் இதே வழியில் வந்தவைதான். எல்லாவற்றையும் ஒரே பெரிய டிரைவராகக் கொட்டுவது எனக்குப் பிடிக்காது. ஒரு மோடத்துக்குத் திருத்தப்போய் இன்னொன்று கெடும்.

கூடலூர்: புது மோடத்தின் யூஎஸ்பி அடையாள எண்ணை ஆப்ஷனுக்குக் கையால் கொடுத்தேன். சீரியல் போர்ட் வந்தது, நெட் ஓடும் டபிள்யூவான்0 இணைப்பு வரவில்லை.

இந்தக் குழியில் நானும் விழுந்திருக்கிறேன். தொழிற்சாலையில் இலை எடை போடும் நேரம், நெட் இல்லை, மேஸ்திரி தலைமேல் நிற்கிறார். டிடிஒய்யூஎஸ்பி 0 முதல் 4 வரை ஐந்து சீரியல் போர்ட். நான்குதான் இருந்திருக்க வேண்டும்! அப்படி எண்ணைக் கொடுத்தால் ஆப்ஷன் டேட்டா இன்டர்ஃபேஸையும் சேர்த்து விழுங்கிவிடும். கெர்னலில் முறையாகச் சேர்க்கும்போது 'இந்த இன்டர்ஃபேஸைத் தொடாதே' என்று குறித்து வைப்பார்கள். நாம் கையால் கொடுத்ததில் அந்தக் குறிப்பு இல்லை. அந்த ஓர் இன்டர்ஃபேஸை மட்டும் ஆப்ஷனிடமிருந்து அன்பைண்ட் செய்து (பிரித்துவிட்டு), க்யூஎம்ஐ-டபிள்யூவானுக்கு எண்ணைக் கொடுங்கள். கெர்னலைப் புதுப்பிக்க முடிந்தால் அதுவே மேல்.

மஞ்சூர்: சார், எனக்கு மோடமே தெரியவில்லை. சிடி டிரைவ் மாதிரி காட்டுகிறது.

விண்டோஸ் மென்பொருளைச் சுமந்து வரும் பழைய பழக்கம் அது. யூஎஸ்பி-மோட்ஸ்விட்ச் என்ற நிரலைப் போடுங்கள், மோடமாக மாறிவிடும்.

குன்னூர்: டபிள்யூவான்0 வந்தது, ஐபியும் வந்தது. பிங் மட்டும் போகவில்லை.

புது மோடமா? அப்படியானால் ஈதர்நெட் தலைப்பு இல்லாத வெறும் ஐபி பாக்கெட்டைத்தான் அது எதிர்பார்க்கும். இணைப்பை டவுன் செய்து, கெர்னல் தன் அமைப்புகளைக் கோப்புகளாகக் காட்டும் சிஸ்எஃப்எஸ்ஸில் டபிள்யூவான்0-க்குக் கீழே க்யூஎம்ஐ அடைவில் இருக்கும் 'ரா ஐபி' கோப்பில் 'ஒய்' என்று எழுதி, மறுபடி அப் செய்யுங்கள்.

கொடநாடு: பனி இறங்கினால் டாங்கிள் காணாமல் போய்த் திரும்ப வருகிறது. டிரைவர் கோளாறா?

பனிமேல் பழி போடாதீர்கள், டிரைவர்மேலும் வேண்டாம். சிக்னல் மெலிந்தால் மோடம் சத்தமாகப் பேசும், மின்சாரம் அதிகம் இழுக்கும். யூஎஸ்பி 2 போர்ட் கணக்குப்படி 500 மில்லிஆம்ப்தான் தரும். தனி அடாப்டர் உள்ள ஹப் வாங்கிச் செருகிப் பாருங்கள். அப்புறமும் விழுந்தால் டிமெசேஜில் (கெர்னலின் பதிவுகளைக் காட்டும் கட்டளை) அந்த நிமிடத்து வரிகளை எடுத்து அனுப்புங்கள்.