டீச்சரிடம் சர்டிபிகேட் கேட்ட தம்பிக்கு (நவம்பர் 2021)

கேள்வி: என் மகன் ஐந்தாம் வகுப்பு. கொரோனாவுக்காக மூடியிருந்த பள்ளியை நவம்பர் 1 முதல் திறந்துவிட்டார்கள், நடுவில் மழை லீவு போக ஒருநாள் விட்டு ஒருநாள் வகுப்பு. சம்மதக் கடிதம் கேட்கிறார்கள், நான் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. ஆசிரியர்கள், வேன் டிரைவர், ஆயா எல்லாரும் கொரோனா ஊசி இரண்டு டோஸ் போட்டதற்கு சர்டிபிகேட் காட்டுங்கள் என்று மெயில் அனுப்பினேன், 'எல்லாரும் போட்டாச்சு' என்று ஒரு வரிதான் பதில் வந்தது. குழந்தைகளுக்கு ஊசி வரும்வரை அனுப்பாமல் இருக்கலாமா? அவனோ போயே தீருவேன் என்று அடம் பிடிக்கிறான். நானும் மனைவியும் இரண்டு டோஸ் போட்டுவிட்டோம். அம்மா மட்டும் (70 வயது, சுகர் உண்டு) ஊசி போட்ட இரண்டாம் நாள் நடிகர் விவேக் இறந்த செய்தி வந்ததிலிருந்து வேண்டாம் என்கிறார், வயதானவர்களை எதற்கு வற்புறுத்துவது என்று விட்டுவிட்டோம். இருவரும் வேலைக்குப் போவதால் பையனைப் பார்த்துக்கொள்வது அம்மாதான்.
– ஒரு அப்பா, மடிப்பாக்கம்

பதில்: தம்பி, பள்ளி திறந்ததிலிருந்து இதே கடிதம் வேறு வேறு பெயரில் எனக்கு வந்துகொண்டே இருக்கிறது. அதனால் 'பயப்படாதீர்கள், எல்லாம் நல்லபடியாக நடக்கும்' என்ற பத்தியை நேரே தாண்டிவிடுகிறேன்.

உங்கள் கடிதத்தில் பாதி பள்ளியைப் பற்றியது. டீச்சருக்கு சர்டிபிகேட், ஆயாவுக்கு சர்டிபிகேட், டிரைவருக்கு சர்டிபிகேட். கடைசியில் போகிற போக்கில், அம்மா ஊசி போடவில்லை, விட்டுவிட்டோம் என்று ஒரு வரி. அதெப்படி தம்பி, ஊரில் எல்லாரிடமும் சர்டிபிகேட் கேட்கிற மனுஷன் சொந்த வீட்டில் மட்டும் கேட்காமல் விட்டீர்கள்?

பத்து வயதுப் பையனுக்கு இந்த நோய் வந்தால் பெரும்பாலும் இரண்டு மூன்று நாள் காய்ச்சல், இருமலோடு போய்விடுகிறது. அரிதாகச் சில குழந்தைகளுக்குச் சிக்கலாகிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் உங்கள் வீட்டில் ஆபத்து யாருக்கு என்று கேட்டால், எழுபது வயது, சுகர், ஒரு டோஸ்கூட இல்லாத உங்கள் அம்மாவுக்குத்தான். அவன் பள்ளிக்குப் போனாலும் போகாவிட்டாலும் இதுதான் நிலைமை. நீங்கள் இருவரும் தினமும் ஆபீஸ் போய் வருகிறீர்கள், இரண்டு டோஸ் போட்டவர்களும் நோயைச் சுமந்து வரலாம். போன மே மாதம் ரெம்டெசிவிர் மருந்துக்காகக் கீழ்ப்பாக்கத்திலும் நேரு ஸ்டேடியத்திலும் ஜனங்கள் வரிசையில் நின்றது அதற்குள் மறந்துபோச்சா? ஊசி போட்டால் நோயே வராது என்று யாரும் சொல்லவில்லை, வந்தாலும் ஆக்சிஜன், ஐசியூ என்று போவது வெகுவாகக் குறையும். அந்தப் பாதுகாப்பு உங்களுக்கும் மனைவிக்கும் இருக்கிறது, பெற்றவளுக்கு இல்லை.

'வயதானவர்களை வற்புறுத்தக் கூடாது' என்கிறீர்கள். கேட்க மரியாதையாகத்தான் இருக்கிறது. உங்கள் வீடு எப்படியோ, எனக்குத் தெரிந்த வீடுகளில் கண் புரை ஆபரேஷனுக்கு வற்புறுத்துகிறோம், காபியில் சர்க்கரை போடாதே என்று அதட்டுகிறோம், பத்திரத்தில் கையெழுத்து வேண்டுமென்றால் ரெஜிஸ்டர் ஆபீஸுக்கே கூட்டிப் போய் உட்கார வைக்கிறோம். அப்போதெல்லாம் வராத மரியாதை இதில் மட்டும் ஏன் வருகிறது? நானே சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். ஊசி போட்டால் இரண்டு நாள் காய்ச்சலும் உடம்பு வலியும் வரும், அம்மா படுத்துவிட்டால் பையனை யார் பார்ப்பது, யார் சமைப்பது, யார் லீவு போடுவது என்ற கணக்கு உங்கள் மனசில் ஒருதடவைகூட ஓடவில்லை என்று சொல்லுங்கள் பார்ப்போம். பேரனை வளர்க்க ஆள் வேண்டும், அந்த ஆளுக்கு இரண்டு நாள் படுக்கக்கூட அனுமதி இல்லை. வயதான காலத்தில் பெற்றவர்களைப் பார்த்துக்கொள்வது என்றால் மூன்று வேளை சோறு போடுவது மட்டும் இல்லை, தம்பி.

விவேக் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் அம்மா பயந்ததில் தப்பே இல்லை, இந்த ஊரே அன்றைக்குப் பயந்தது. 2021 ஏப்ரல் 15 அன்று ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் ஊசி போட்டுக்கொண்டார், 17ஆம் தேதி போய்விட்டார். ஆனால் இதயத்தின் முக்கியமான ரத்தக் குழாயில் முழு அடைப்பு இருந்தது என்று டாக்டர்கள் அப்போதே சொன்னார்கள். மத்திய அரசின் குழுவும் ஆராய்ந்து, ஊசிக்கும் அவர் மரணத்துக்கும் சம்பந்தமில்லை என்று அக்டோபரில் அறிவித்துவிட்டது. மற்றவர்களும் தயங்காமல் போட்டுக்கொள்ள வேண்டும் என்றுதான் அந்த மனிதர் எல்லார் முன்னாலும் போய்ப் போட்டுக்கொண்டார். ஏப்ரலில் பார்த்த செய்தியோடு உங்கள் அம்மா நின்றுவிட்டார், அப்புறம் வந்ததைப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல மகனுக்கு ஏழு மாதமாக நேரமில்லை.

பையனை அனுப்பலாமா என்று கேட்டீர்கள். அனுப்புங்கள். 2020 மார்ச்சில் மூன்றாம் வகுப்புப் பிள்ளையாக வீட்டுக்கு வந்தவன், இப்போது ஐந்தாம் வகுப்பு. நடுவில் நாலாம் வகுப்பு என்று ஒன்று போனில் நடந்தது. குழந்தைகளுக்கு ஊசி வரட்டும் என்கிறீர்கள். பன்னிரண்டு வயதுக்கு மேல் போட ஒரு ஊசிக்கு 2021 ஆகஸ்டில் அனுமதி கிடைத்தது, அதுவே இந்த நவம்பர் வரை கைக்கு வரவில்லை. பத்து வயதுக்கு எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தால் அவனுக்கு மீசை முளைத்துவிடும். அடம் பிடிக்கிறான் என்று குறையாக எழுதியிருக்கிறீர்கள், பள்ளிக்குப் போகணும் என்று அடம் பிடிக்கிற பிள்ளை கிடைத்ததற்கு நான் சந்தோஷப்படுவேன்.

பள்ளிக்கு மறுபடி மெயில் அனுப்புவதாக இருந்தால் உருப்படியாகக் கேளுங்கள். இது காற்றில் பரவுகிற நோய். மழை பெய்தால் சாரல் அடிக்கிறது என்று ஜன்னலை மூடிவிடுகிறார்களா? ஃபேன் அதே காற்றைத்தான் சுற்றிவிடும், எதிரெதிர் ஜன்னல் திறந்திருந்தால்தான் பலன். மாஸ்க் கழற்றிச் சாப்பிடுகிற நேரத்தில் பிள்ளைகளை எங்கே உட்கார வைக்கிறார்கள்? வகுப்பில் இருபது பேர்தான் என்று சொல்லிவிட்டு வேனில் அடைத்து ஏற்றுகிறார்களா? வாசலில் நெற்றிக்கு நேராகப் பிடிக்கிற அந்தக் கருவியை நம்பாதீர்கள், காய்ச்சலே இல்லாமல் பரப்புகிறவர்களை அது கண்டுபிடிக்காது. பையனுக்குச் சளியோ தொண்டை வலியோ என்றால் அன்றைக்கு வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள், அன்றைக்கு அவன் பாட்டி பொறுப்பில் இருக்கக் கூடாது. உங்கள் இருவரில் ஒருவர் லீவு.

முதலில் அம்மா. மனைவியை விட்டுச் சொல்ல வைக்காதீர்கள், மருமகள் சொன்னால் இது வேறு கதையாகிவிடும். அவர் சுகருக்குக் காட்டுகிற டாக்டரிடம் அழைத்துப் போங்கள், நீங்கள் பத்து நாள் சொல்வதை அவர் ஒரு வாக்கியத்தில் சொல்லி முடிப்பார். 2021 செப்டம்பர் 12இலிருந்து ஊசி போடும் மெகா முகாம் அடுத்தடுத்து நடக்கிறது, அதுவும் வேண்டாம் என்றால் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையம், காசு கிடையாது. கோவாக்சின் என்றால் 28 நாளில் இரண்டாவது டோஸ், கோவிஷீல்டு என்றால் 84 நாள், எது சீக்கிரம் கிடைக்கிறதோ அதைப் போடுங்கள். அதுவரை பையன் பாட்டியோடு படுக்கிற வழக்கம் இருந்தால் நிறுத்தி வையுங்கள், அழுதாலும் பரவாயில்லை.

ஆதார் கார்டை எடுத்துக்கொள்ளுங்கள். சுகர்காரர், டிபன் சாப்பிடாமல் கூட்டிப் போய் நிற்க வைக்காதீர்கள். போட்டுவிட்டு வந்து அன்றைக்கே சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். அந்த இரண்டு நாள் லீவை நீங்கள் போடுங்கள், மனைவி தலையில் கட்டாதீர்கள்.