குரோமோசோம் நார்மல், ஆனால் லுகேமியா: அரிய மரபணு மாற்றங்கள் பற்றிக் கேள்வி பதில்

கேள்வி: டாக்டர், அக்காவுக்கு ஏஎம்எல், அதாவது வேகமாக வளரும் ஒரு வகை ரத்தப் புற்றுநோய். குரோமோசோம் ரிப்போர்ட் நார்மல் என்கிறார்கள். பிறகு எதற்குப் பல மரபணுக்களை ஒன்றாகப் பார்க்கும் மரபணு பேனல்?

பதில்: குரோமோசோம் சோதனை மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பது. பெரிய துண்டு இடம் மாறினால்தான் கண்ணில் படும். என்பிஎம்1 மரபணுவில் பெரும்பாலும் நான்கே நான்கு டிஎன்ஏ எழுத்துகள் கூடுதலாகச் செருகிக்கொள்கின்றன. அது எந்த லென்ஸுக்கும் தெரியாது. ஏஎம்எல் வரும் பெரியவர்களில் கிட்டத்தட்ட மூன்றில் ஒருவருக்கு இந்த மாற்றம் உண்டு.

அரிதானவற்றில் என்யூபி98 இணைவு (அந்த மரபணு இன்னொரு மரபணுவோடு ஒட்டிக்கொள்வது) இன்னும் கள்ளத்தனமானது. 11ஆம் குரோமோசோமின் நுனியும் 5ஆம் குரோமோசோமின் நுனியும் இடம் மாறிக்கொண்டாலும் பட்டைகள் பழையபடியே தெரியும். அதற்கென்றே உள்ள ஃபிஷ் சோதனையோ (ஒளிரும் சாயத்தால் மரபணுவைத் தேடுவது) ஆர்என்ஏ சோதனையோ செய்தால்தான் பிடிபடும். நோய் மூர்க்கமானது என்பதால், ஸ்டெம் செல் மாற்று சிகிச்சை பற்றி ஆரம்பத்திலேயே பேச வேண்டியிருக்கும். ரிப்போர்ட்டில் 'இல்லை' என்று இருந்தால் 'தேடியதில் இல்லை' என்றே படியுங்கள்.

கேள்வி: ஒரு லேபில் எஃப்எல்டி3 மரபணு மாற்றம் நெகட்டிவ், இன்னொன்றில் பாசிட்டிவ். யாரை நம்புவது?

பதில்: முதலில் இரண்டு லேபும் எந்த முறையில் பார்த்தார்கள் என்று கேளுங்கள். எஃப்எல்டி3-ஐடிடி என்பது மரபணுவின் ஒரு துண்டு தன்னையே மறுபடி எழுதிக்கொள்வது. சில எழுத்துகளும் இருக்கலாம், நூற்றுக்கு மேலும் போகலாம். என்ஜிஎஸ் என்ற புதிய வாசிப்பு முறை மரபணுவைச் சிறு துண்டுகளாகப் படிப்பதால், நீளமான ஐடிடியை மென்பொருள் சில நேரம் தவறவிட்டுவிடும். பிசிஆர் (துண்டைப் பல மடங்கு நகலெடுப்பது) செய்து நீளத்தை அளக்கும் பழைய முறையில், வரைபடத்தில் நார்மல் முகடுக்குப் பக்கத்தில் இரண்டாவது முகடு பளிச்சென்று நிற்கும். இந்த ஒரு விஷயத்தில் எனக்குப் பழைய முறைமேல்தான் நம்பிக்கை. சாம்பிளில் பிளாஸ்ட் எனும் முதிராத நோய்ச் செல்கள் குறைவாக இருந்தாலும் முடிவு மாறும். 2017 முதல் எஃப்எல்டி3-ஐத் தடுக்கும் மிடோஸ்டாரின் போன்ற மருந்துகள் கைவசம் இருப்பதால், இதைக் கோட்டைவிட்டால் ஒரு மருந்தையே கோட்டைவிட்ட மாதிரி.

கேள்வி: முடிவு வரும்வரை சிகிச்சையைத் தள்ளிப்போடலாமா?

பதில்: ஏபிஎல் (APL, ஏஎம்எல்லில் ஒரு வகை) என்று சந்தேகம் வந்தால் ஒரு நாள்கூடக் கூடாது. அதில் ரத்தக்கசிவுதான் ஆளைக் கொல்லும். ஸ்மியரை (கண்ணாடியில் தடவிய ரத்தம்) பார்த்த உடனே, வைட்டமின் ஏ வகை மருந்தான ஆட்ரா மாத்திரையைத் தொடங்கிவிட வேண்டும், உறுதிசெய்வது அப்புறம். வழக்கமாக இதில் ராரா மரபணு பிஎம்எல் மரபணுவோடு சேர்ந்திருக்கும்; அபூர்வமாக பிஎம்எல்லுக்குப் பதில் இசட்பிடிபி16 உடன் சேர்ந்திருக்கும். அந்த வகை ஆட்ராவுக்குச் சரியாக மசியாது. பிஎம்எல்-ராரா நெகட்டிவ், ஆனால் செல்கள் ஏபிஎல் போலவே இருக்கின்றன என்றால் ராரா உடைந்திருக்கிறதா என்று தனியாகப் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு 66 வயது, லுகேமியா. டிடிஎக்ஸ்41 மரபணுவில் இரண்டு மாற்றங்கள், ஒன்று படித்த பிரதிகளில் 48 சதவீதம், மற்றது 9. சித்தப்பா ஸ்டெம் செல் தர முன்வந்திருக்கிறார். சரிதானே மேடம்?

பதில்: கொஞ்சம் பொறுங்கள். பாதிக்குப் பக்கத்தில் நிற்கும் அந்த 48, பிறவியிலேயே வந்ததாக இருக்கலாம். 9 சதவீதம் பிற்பாடு சேர்ந்தது. டிடிஎக்ஸ்41-இன் வழக்கமான முகம் இதுதான்: பிறவியில் ஒன்று, வயதானபின் இன்னொன்று. நோய் தாமதமாக வருவதால் குடும்பத்தில் யாருக்கும் இருந்ததாகத் தெரியாது, யாரும் சந்தேகப்படவும் மாட்டார்கள்.

உறுதிசெய்ய அப்பாவின் தோலிலிருந்து செல்களை வளர்த்துப் பார்க்க வேண்டும். எச்சில் போதாது, அதில் ரத்த வெள்ளணுக்கள் கலந்திருக்கும். பிறவி மாற்றம்தான் என்றால் கூடப்பிறந்தவருக்கும் அது இருக்கும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. அதனால் சித்தப்பாவுக்கும் சோதித்த பிறகே தானம். தானம் தந்தவரின் செல்லிலிருந்தே மறுபடி லுகேமியா முளைத்த நிகழ்வுகள் பதிவாகியிருக்கின்றன. உங்களுக்கும் மரபியல் ஆலோசனை தேவைப்படும். பயப்பட வேண்டாம், இந்த மாற்றம் உள்ள பலருக்கு வாழ்நாளில் நோயே வருவதில்லை.

கேள்வி: ரெமிஷன் (நோய் அடங்கிவிட்டது) என்கிறார்கள், ஆனால் டிஎன்எம்டி3ஏ மரபணு மாற்றம் இன்னும் இருக்கிறதாம். நோய் திரும்புகிறதா?

பதில்: அதை வைத்து மட்டும் அப்படிச் சொல்ல முடியாது. டிஎன்எம்டி3ஏ, டெட்2, ஏஎஸ்எக்ஸ்எல்1 மூன்றும் வயதானால் நோயில்லாதவர்களின் ரத்தத்திலும் தென்படுபவை. என்பிஎம்1 இருந்திருந்தால் அதைப் பின்தொடருங்கள்.

கேள்வி: தம்பிக்கு பி-ஏஎல்எல் (இன்னொரு வகை லுகேமியா), பிசிஆர்-ஏபிஎல் (BCR-ABL, இரு மரபணுக்களின் இணைவு) இல்லை. அந்த இணைவைத் தடுக்கும் இமாட்டினிப் வகை மருந்துக்கு வழியே இல்லையா?

பதில்: இருக்கலாம். பிசிஆர்-ஏபிஎல் இல்லாமலே அதன் மரபணு இயக்கத்தை அச்சு அசலாகக் காட்டும் வகை உண்டு, அதற்கு பிஎச்-லைக் என்று பெயர். அதில் சிலருக்கு ஏபிஎல்1 (ABL1) மரபணு வேறொரு மரபணுவோடு இணைந்திருக்கும். அப்படியானால் இமாட்டினிப், டாசாடினிப் வகையைக் கீமோவோடு சேர்த்துக் கொடுக்கலாம். ஆர்என்ஏ இணைவு சோதனை செய்தாயிற்றா என்று டாக்டரிடம் கேளுங்கள்.